ஸ்டம்ப் இல்லாத ஆட்டம்

எங்கள் தெருவில் சாயங்காலம் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள் என்னைக் கண்டால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "மாமா, அந்த ஆட்டத்துல அக்காவுக்கு என்னா வேல?" நான் சொல்ல ஆரம்பிப்பேன். பாதி சொல்வதற்குள் எவனாவது பந்தை அடித்துவிடுவான். எல்லோரும் அதன் பின்னால் ஓடிவிடுவார்கள். அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுதி வைத்தால், ஓடிப்போனவன் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து படித்துக்கொள்ளலாம்.

நான் பத்தாவது வரை படித்தவன். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை செய்கிறேன். டீக்கோப்பைகளைச் சூளை வண்டியில் அடுக்கி உள்ளே தள்ளுவதும், வெந்து ஆறினதும் வெளியே இழுத்து இறக்குவதும் என் வேலை. என் மனைவியும் அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். எங்களுக்கு ஒரே மகள். வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவோம். இப்போது அவளுக்கு மாதச் சம்பளம் வருகிறது, ஆனாலும் பாப்பாதான். நீங்கள் கேட்கும் அக்கா அவள்தான்.

முதலில் அவள் ஆடுகிற ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பேஸ்பால் மைதானத்தில் ஒரு சதுரம் இருக்கும். அதன் ஒரு மூலையில் மட்டையோடு ஒருவர் நிற்பார். மற்ற மூன்று மூலைகளிலும் தலையணை மாதிரி ஒரு வெள்ளைப் பை தரையில் பதிந்து கிடக்கும். அதற்கு பேஸ் என்று பெயர். பந்தை அடித்தவர் மட்டையைக் கீழே போட்டுவிட்டு முதல் பேஸுக்கு ஓட வேண்டும். அவர் மிதிப்பதற்குள் பந்து அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் அவர் அவுட்.

தடுக்கிறவர்களில் இரண்டு வகை. சதுரத்தை ஒட்டி நிற்பவர்களை இன்ஃபீல்டர் என்பார்கள். தூரத்தில் புல்வெளியில் நிற்பவர்கள் அவுட்ஃபீல்டர். இன்ஃபீல்டர்களிலேயே இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்பவருக்கு ஷார்ட்ஸ்டாப் என்று பெயர். அடிக்கிற பந்தில் பாதி அந்தப் பக்கம்தான் வரும். தரையில் உரசிக்கொண்டு, பாம்பு போல, எந்தக் கல்லில் பட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாமல் வரும். அதைக் குனிந்து அள்ளி, நிமிர்ந்து, அந்தக் கோடியில் இருக்கும் முதல் பேஸுக்கு எறிய வேண்டும். இவ்வளவும் கண் மூடித் திறப்பதற்குள் நடக்க வேண்டும். என் மகளுக்கு அந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று ஆசை. இந்தக் கதையில் வேறு எதுவும் இல்லை, அந்த ஆசைதான்.

அவள் சின்ன வயதில் நீங்கள் ஆடுகிற மாதிரி கிரிக்கெட்தான் ஆடினாள். எங்கள் ஊர் மணிமுத்தாற்றில் தண்ணீர் இல்லாத மாதங்களில் மணல்தான் மைதானம். பையன்களுக்கு நடுவில் இவள் ஒருத்தி. பேட்டிங் சுமார்தான். ஆனால் எங்கிருந்து எறிந்தாலும் ஸ்டம்பில் அடிப்பாள். ஒரே ஒரு குச்சி நட்டிருந்தாலும் அதைச் சாய்த்துவிடுவாள். ஆள் பிரிக்கும்போது பையன்கள் அவளைத்தான் முதலில் கேட்பார்கள். "டைரக்ட் ஹிட்டு எங்க டீமு!" என்று கத்துவார்கள். எனக்குக் கூடையில் மாம்பழம் நிறைந்த மாதிரி சந்தோஷமாக இருக்கும். சந்தோஷத்தை வெளியே காட்டாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பேன்.

ஒன்பதாம் வகுப்பில் அவள் பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் ஒரு பெரிய பையில் மட்டை, பந்து, தோல் கையுறை எல்லாம் கொண்டுவந்து பெண்பிள்ளைகளுக்கு பேஸ்பால் டீம் சேர்க்க ஆரம்பித்தார். அந்த டீச்சர் கபடி ஆடியவர். பேஸ்பாலை அவரும் போனில் வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டிருந்தார். சேர்ந்த பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த ஆட்டம் கிரிக்கெட் ஒன்றுதான். முதல் நாள் ஒருத்தி பந்தை அடித்துவிட்டு மட்டையைத் தூக்கிக்கொண்டே ஓடினாளாம். பேஸ் பக்கத்தில் போனதும் ரன் அவுட் ஆகாமல் இருக்க மட்டையை நீட்டித் தரையில் தேய்த்தாளாம். "ஏம்மா, மட்டைய எங்க எடுத்துக்கிட்டுப் போற? வூட்டுக்கா?" என்று டீச்சர் கேட்டதைப் பாப்பா சாப்பிடும்போது சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவளுக்குப் புரையேறிவிட்டது.

"நீ என்னாடி பண்ண?" என்று அவள் அம்மா கேட்டாள்.

"நானும் அப்படித்தாம்மா ஓடுனேன்."

வருகிற பந்தையெல்லாம் அவள் நிறுத்திவிடுவதைப் பார்த்து டீச்சர் அவளை ஷார்ட்ஸ்டாப் ஆக்கினார். அந்தப் பெயரை அன்று வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஏதோ உத்தியோகம் கிடைத்த மாதிரி சொன்னாள்.

உறவுக்காரர்கள் கேட்டார்கள். சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த என் மச்சான் நேராகவே கேட்டார். "இந்த ஆட்டம் டிவில வருதா மாமா?"

"வராதுப்பா."

"அப்ப எதுக்கு?"

பாப்பா சொன்னாள்: "டிவில வர்றதுக்கு நீங்க ஆடுங்க மாமா. நான் சும்மா ஆடுறேன்." மச்சான் டீயை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தார்.

பதினொன்றாம் வகுப்பில் முதல் முறையாக வெளியூர் டீமோடு மேட்ச் வந்தது. கடலூரில் நடந்தது. நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். மர நிழலில் மற்ற அப்பா அம்மாக்களோடு உட்கார்ந்தேன். எதிர் டீம் பெண் அடித்தாள். பந்து தரையோடு எங்கள் பாப்பாவைப் பார்த்து வந்தது. அவள் அழகாகக் குனிந்தாள். அள்ளினாள். நிமிர்ந்தாள். எறிந்தாள்.

பந்து நேராகப் போய் முதல் பேஸ் பையில் 'பொத்' என்று அடித்தது. நடு மையத்தில். ஓடி வந்த பெண் இன்னும் எட்டவில்லை. எங்கள் டீம் மொத்தமும் இரண்டு கையையும் தூக்கி "அவுட்!" என்று குதித்தது. நானும் குதித்தேன். என் பக்கத்தில் இருந்தவரைக் கட்டிப்பிடித்துக்கூட விட்டேன். அவர் எதிர் டீம் பெண்ணின் அப்பா.

அம்பயர் கையைத் தூக்கவில்லை. பையில் பட்ட பந்து பக்கவாட்டில் துள்ளி எங்கோ ஓடியது. அடித்த பெண் முதல் பேஸை மிதித்துவிட்டு, எங்கள் பிள்ளைகள் குதித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே இரண்டாவது பேஸுக்கும் போய்விட்டாள்.

அப்போதுதான் எங்களுக்கெல்லாம் விஷயம் தெரிந்தது. பேஸில் பந்து பட்டால் அவுட் கிடையாது. பேஸ் ஸ்டம்ப் இல்லை. பேஸில் ஒரு காலை வைத்துக்கொண்டு ஓர் ஆள் நிற்க வேண்டும். அந்த ஆளின் கையுறைக்குள் பந்து போய்ச் சேர வேண்டும். எங்கள் முதல் பேஸ் பெண்ணோ விக்கெட் கீப்பர் மாதிரி பேஸுக்குப் பின்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஆடும்போது இரண்டு பக்கமும் இதே பிள்ளைகள். பாப்பா பேஸில் அடிப்பாள், எல்லாரும் அவுட் என்பார்கள், அவுட் ஆனவளும் ஒத்துக்கொண்டு போய்விடுவாள். ஒருவரும் தப்பு என்று சொல்லவில்லை, ஏனென்றால் ஒருவருக்கும் தெரியவில்லை.

அம்பயர் நல்ல மனுஷர். ஆட்டத்தை நிறுத்தி டீச்சரைக் கூப்பிட்டுச் சொன்னார். "மேடம், பேஸு யாரையும் அவுட் ஆக்காதுங்க. ஆளுதான் புடிக்கணும்." டீச்சர் சிவந்துபோன முகத்தோடு முதல் பேஸ் பெண்ணை முன்னால் வந்து நிற்கச் சொன்னார். அவள் வந்துவிட்டாள். பாப்பாவின் கைதான் வரவில்லை. அடுத்த பந்தும் அந்தப் பெண்ணின் காலடியில் பேஸைப் பார்த்தே போனது. அதற்கடுத்ததும் அப்படியே. அவள் மனசுக்குத் தெரிந்துவிட்டது, கைக்குத் தெரியவில்லை. கடைசியில் டீச்சர் அவளைத் தூரத்துப் புல்வெளிக்கு அனுப்பிவிட்டார். அங்கே பந்து ஒன்றும் வரவில்லை. ஆட்டம் முடியும் வரைக்கும் அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சதுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அங்க போயி நிக்கிறதுக்கு, நல்லூர்ல பெரியப்பா சோளக்காட்டுல நின்னு கிளி வெரட்டலாம்ப்பா. அங்கயாவது கிளி வரும்."

அந்த வருஷம் முழுக்க அவள் அவுட்ஃபீல்டில்தான் நின்றாள். பன்னிரண்டாம் வகுப்பு வந்தபோது டீச்சர் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். சென்னையில் ஒரு கல்லூரி. பேஸ்பால் ஆடுகிற பெண்களை ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எடுப்பார்கள். ஹாஸ்டலும் உண்டு. கோடை லீவில் செலக்ஷன் வைப்பார்கள்.

"ஒரு விஷயம் சொல்லிடுறேங்க," என்றார் டீச்சர். "அவங்களுக்கு அவுட்ஃபீல்டுக்கு நெறைய புள்ளைங்க இருக்குதாம். இன்ஃபீல்டுக்குத்தான் ஆள் தேடுறாங்க. இவ அங்க போயி பேஸுல அடிச்சான்னா சிரிச்சுட்டு அனுப்பிடுவாங்க."

பாப்பா தலை குனியவில்லை. "சரி பண்ணிடுறேன் மிஸ்" என்றாள். எப்படி என்று டீச்சரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

எப்படி என்பது மறுநாள் சாயங்காலம் தெரிந்தது. கம்பெனிக்குப் பின்னால் உடைந்த கோப்பைகளைக் கொட்டும் மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டல் உண்டு. என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனாள். கோப்பை செய்கிற மண் பவுடர் வந்த ஒரு சாக்கை மடித்துத் தரையில் போட்டாள். "இது பேஸு. நீ இதுல ஒரு கால வெச்சிக்கிட்டு நில்லுப்பா. நான் எறியிறத புடி."

"கையுறை?"

அவளிடம் டீச்சர் கொடுத்த ஒன்றுதான் இருந்தது. நான் கம்பெனிக்குள் போய்ச் சூளைக் கையுறையைப் போட்டுக்கொண்டு வந்தேன். வண்டி சூடாக இருக்கும்போது பிடிக்கிற தடித்த கையுறை அது. அதைப் போட்டுக்கொண்டால் விரலை மடக்கவே வராது. பேஸ்பால் பந்தை நீங்கள் தொட்டுப் பார்த்ததில்லை. கிரிக்கெட் பந்தைவிடப் பெரியது, நல்ல கல். அது என் நெஞ்சைப் பார்த்து வந்தபோது என் கால் தானாகப் பின்னால் போனது. பந்து சாக்கில் விழுந்து உருண்டது.

"பயப்படாதப்பா."

"பயமெல்லாம் இல்ல. சறுக்கிடுச்சு."

நாலைந்து நாள் இப்படியே போனது. அவள் எறிவது கீழேயே போனது. அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் இன்னும் வேகமாக எறிவாள். நான் இன்னும் பின்னால் போவேன். ஒரு நாள் என் மனைவி வேலை முடிந்து அந்தப் பக்கமாக வந்தாள். மேட்டின் மேல் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏங்க, நீங்க ஏன் சாக்க வுட்டுட்டுப் பின்னாடி பின்னாடி போறீங்க?"

"போவலியே."

"போறீங்க. அவ நிமுந்து பாக்குறா, அங்க சாக்குதான் கெடக்குது. ஆளே இல்ல. பின்ன சாக்குலதான போடுவா? பேசாம அந்தச் சாக்க எடுத்துத் தூரப் போடுங்க. ஆளு மட்டும் நில்லுங்க."

"ஆளு மேல பட்டா?"

"பட்டா படட்டும். சூளைக்குள்ளயே போயிட்டு வர்ற ஆளு நீங்க."

பாப்பா ஓடிப்போய்ச் சாக்கை எடுத்து அவள் அம்மாவிடம் கொடுத்தாள். குதிகாலால் மண்ணில் ஒரு கோடு போட்டு, "இந்த எடத்த வுட்டு நவுராதப்பா" என்றாள். வெறும் பொட்டலில், பார்க்க வேறு எதுவும் இல்லாமல், நான் மட்டும் நின்றேன். அவள் ஒரு பந்தை அம்மாவிடம் கொடுத்துத் தரையில் உருட்டச் சொன்னாள். அள்ளினாள், நிமிர்ந்தாள். தடுமாறினாள். கண் தரையில் சாக்கைத் தேடுவது எனக்கே தெரிந்தது. சாக்கு இல்லை. அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். எறிந்தாள்.

பந்து என் கையுறையில் பட்டு, அங்கிருந்து என் மோவாயில் பட்டது. பல்லெல்லாம் ஆடிவிட்டது. நான் உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் இரண்டு பேரும் என் பக்கம் ஓடி வந்தார்கள் என்று நினைக்காதீர்கள். நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அதுதான் எங்கள் வேலை. என் மனைவி உருட்டுவாள், பாப்பா அள்ளி எறிவாள், நான் நிற்பேன். தோளிலும் நெஞ்சிலும் கருநீலமாகத் தடம் விழுந்தது. கம்பெனியில் சட்டையைக் கழற்றிவிட்டு வேலை செய்யும்போது கூட இருப்பவர்கள் பார்த்துவிட்டார்கள்.

"என்னாண்ணே, வூட்டுல எதாவது தகராறா?"

"பொண்ணு எறிஞ்சது."

"அடப் பாவமே. புள்ள மேல கை வெச்சா கேஸு குடுக்கலாம். அப்பன் மேல கை வெச்சா எங்கண்ணே குடுக்குறது?"

ஆனால் அவர்களில் ஒருத்தர்தான் ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கும் அவருடைய தம்பி பையன் போட்டுப் பழசான கிரிக்கெட் கீப்பர் கையுறையை வாங்கிக்கொண்டு வந்து தந்தார். அதற்கப்புறம் நான் பாதிப் பந்தையாவது பிடித்தேன். கோடை வந்தபோது பாப்பாவின் எறி பெரும்பாலும் நெஞ்சுக்கு வந்தது. பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். அவசரத்தில் எப்போதாவது ஒன்று கீழே போகும். அப்போது அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

செலக்ஷனுக்கு விடிகாலை ரயிலில் போனோம். மைதானத்தில் எல்லாப் பெண்களும் சொந்தக் கையுறை வைத்திருந்தார்கள். சில பேர் வெளிமாநிலத்தில் ஆடிவிட்டு வந்தவர்களாம். அப்பா அம்மாக்கள் கம்பி வலைக்கு வெளியே நிற்க வேண்டும், சத்தம் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தேர்வு செய்கிறவர் ஓர் அம்மா. தொப்பி போட்டிருந்தார். அதிகம் பேசவில்லை. ஒவ்வொரு பெண்ணையும் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நிறுத்தி அவரே மட்டையால் பந்தைத் தரையோடு அடித்தார். முதல் பேஸில் அந்தக் கல்லூரியின் சீனியர் பெண் ஒருத்தி நின்றாள். அவள் காலுக்குக் கீழே பேஸ், புத்தம் புதுசு, வெயிலில் பளபளவென்று வெள்ளை.

அந்த வெள்ளையைப் பார்த்ததுமே எனக்குப் பொட்டலில் கிடந்த சாக்குதான் ஞாபகம் வந்தது.

பாப்பா முறை வந்தது. பந்து வந்தது. அள்ளியதில் குறையே இல்லை. எறிந்தாள். கீழே. சீனியர் பெண் குனிந்து எடுத்துக்கொண்டாள். இரண்டாவது பந்து நெஞ்சுக்குப் போனது. மூன்றாவது கீழே. நான்காவதும் கீழே, பேஸில் பட்டுத் தெறித்தது. வரிசையில் நின்ற பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். நான் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரயிலில் திரும்பும்போது அவளிடம் என்ன பேசலாம் என்று அப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் அவள் யோசித்தது வேறு.

அவள் கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேராகத் தொப்பி அம்மாவிடம் நடந்து போனாள். அவள் பேசியது வலை வரைக்கும் கேட்டது.

"மேடம், எனக்கு கிரிக்கெட் கை. பேஸ பாத்தா ஸ்டம்புன்னு நெனச்சிக்குது. ஆள பாத்து எறிஞ்சா ஒழுங்கா வருது. இன்னும் ரெண்டு பந்து குடுங்க மேடம். பேஸு மேல ஒரு துண்டு போட்டு மூடிக்கிறேன்."

அந்த அம்மா சிரித்தார். கேலியாகச் சிரிக்கவில்லை. "மேட்ச்ல துண்டு போட வுடுவாங்களா?"

"மாட்டாங்க மேடம்."

"எந்த ஊரு நீ?"

"விருத்தாசலம்."

"யாரு சொல்லிக் குடுத்தா இப்படிக் குனியறதுக்கு?"

"யாருமில்ல மேடம். எங்க அம்மா உருட்டுவாங்க."

அவர் "துண்டெல்லாம் வேணாம். இங்க வா" என்று அவளை நகர்த்தி எதிர்ப்பக்கம் நிறுத்தினார். முதல் பேஸுக்கும் இரண்டாவது பேஸுக்கும் நடுவில். அந்த இடத்துக்கு செகண்ட் பேஸ் என்று பெயர். அதுவும் சதுரத்தை ஒட்டிய இடம்தான், அங்கேயும் பந்து தரையோடு வரும். ஆனால் அங்கிருந்து முதல் பேஸ் கிட்டத்தில். நிமிர்ந்தால் பேஸ் தெரிவதற்கு முன்னால் அங்கே நிற்கிறவளின் முகம் தெரியும்.

பந்தை அடித்தார். பாப்பா அள்ளினாள், சின்னதாக வீசினாள். சீனியர் பெண்ணின் நெஞ்சுக்கு நேராகப் போனது. அடுத்தது இடது பக்கம் தூரத்தில் போனது. விழுந்து மறித்தாள், உட்கார்ந்தபடியே வீசினாள். அதுவும் நெஞ்சுக்கு. அதற்கடுத்ததில் அந்த அம்மா வேண்டுமென்றே மண்ணைச் சிதறடித்து ஒரு கெட்ட பந்தை அடித்தார். அது துள்ளி அவள் தோளில் பட்டது. கீழே விழுவதற்குள் வெறுங்கையால் பிடித்து வீசினாள். வரிசையில் சிரித்த பெண் இப்போது கை தட்டினாள்.

வெளியே வந்தபோது பாப்பா முழங்காலெல்லாம் மண். "என்னா சொன்னாங்க?" என்றேன்.

"எடுத்துக்குறாங்களாம்."

"ஷார்ட்ஸ்டாப்பா?"

"இல்லப்பா. செகண்ட் பேஸு." கொஞ்சம் நடந்துவிட்டுச் சொன்னாள்: "உள்ளதான் அதுவும்."

நான் அவளுக்கு ஒரு கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தேன். அவள் அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே வெகு நேரம் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷமா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும். ஐஸ் உருகி எல்லாம் தண்ணீர் ஆனபிறகு ஒரே மூச்சில் குடித்தாள்.

கல்லூரியில் மூன்று வருஷமும் அவள் செகண்ட் பேஸ்தான். முதல் வருஷம் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் வருஷம் இறங்கினாள். பல்கலைக்கழக டீமில் சேர்ந்து ரயிலில் போகாத ஊர் இல்லை. பஞ்சாபில் குளிரில் ஆடினாளாம். விரல் விறைத்துப்போய், பிடித்த பந்து கையில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாளாம். எந்த ஊரிலிருந்து போன் செய்தாலும் கடைசியில் ஒரு வார்த்தை சொல்லுவாள். ஆட்டம் முடிந்ததும் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் போய் நின்று நூறு எறி எறிந்துவிட்டுத்தான் வந்தேன் என்பாள். யாரும் அவளை அங்கே நிற்கச் சொல்லவில்லை. முதல் பேஸ் பெண் யாராவது கூட நிற்கச் சம்மதித்தால் போதும். சம்மதித்தவளுக்கு இவள் செலவில் பிரியாணி.

படிப்பு முடிந்ததும் ஓர் அரசுத் துறையின் டீமில் அவளை வேலைக்கு எடுத்தார்கள். காலையில் பிராக்டிஸ், அப்புறம் ஆபீஸில் கொஞ்சம் வேலை, மேட்ச் இருந்தால் மேட்ச். சம்பளம் மாதா மாதம் வருகிறது. எங்கள் தெருப் பையன் ஒருத்தன் கேட்டான்: "பந்து பொறுக்குறதுக்குச் சம்பளமா மாமா?" ஆமாம், பந்து பொறுக்குவதற்குத்தான். பொறுக்கினால் மட்டும் போதாது, சேர்க்கவும் வேண்டும்.

அந்த டீமிலும் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் ஒரு நல்ல ஆட்டக்காரப் பெண் இருந்தாள். பாப்பாவைவிட வயதில் மூத்தவள். இவள் அவள் பக்கத்தில் செகண்ட் பேஸில் நின்றாள். இப்படியே போய்க்கொண்டிருந்தது. போன வாரம் அந்தப் பெண் கல்யாணம் நிச்சயமாகி லீவில் ஊருக்குப் போனாள். அந்தச் சமயம் பார்த்து ஒரு மேட்ச் வந்தது. பாப்பா காலையிலேயே போன் செய்தாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

"இன்னிக்கு என்ன ஷார்ட்ஸ்டாப்ல நிக்கச் சொல்லியிருக்காங்கப்பா."

நானும் என் மனைவியும் அன்று முழுவதும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. சாயங்காலம் வரை போன் வரவில்லை. என் மனைவி இட்லி மாவை எடுத்து வைத்துவிட்டு எதற்கு எடுத்தோம் என்று மறந்துபோய் நின்றாள். பிறகு போன் அடித்தது. இருவரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினோம். ஸ்பீக்கரில் போட்டோம்.

"என்னாச்சு பாப்பா?"

"மொதல்ல வெகு நேரம் பந்தே வரலப்பா. எல்லாப் பந்தையும் அந்தப் பக்கமே அடிக்கிறாங்க. நான் நின்னுக்கிட்டே இருக்கேன்."

"அப்புறம்?"

"கடசீல ஒண்ணு வந்துச்சு. வேகமா. என் வலது கைப் பக்கம் தூரமா. எப்படியோ எட்டிப் புடிச்சிட்டேன். நிமுந்து பாத்தா அந்தப் பொண்ணு ஓடிக்கிட்டு இருக்கு. அவசரமா எறிஞ்சேன்."

"நெஞ்சுக்குப் போச்சா?"

"இல்லப்பா. கீழதான் போச்சு."

என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆனா நம்ம முதல் பேஸ் அக்கா இருக்காங்கல்ல, அவங்க காலப் பேஸுலயே வெச்சிக்கிட்டு, ஒடம்ப அப்படியே நீட்டி, மண்ணோட மண்ணா தோண்டி எடுத்துட்டாங்க. எடுத்துட்டு என்னப் பாத்து, 'எறி மட்டும் எறிடி, மீதிய நான் பாத்துக்குறேன்'னு சொன்னாங்க."

"அப்ப அவுட்டா?" என்று நான் கேட்டேன்.

"அவுட்டுப்பா! அவுட்டு!"

அதற்கப்புறம் அவள் சொன்னது ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை, ஏனென்றால் அவள் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு மாடிப்படியில் ஏறிவிட்டாள். நான் கீழே நின்று, அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். ஸ்டம்ப் நமக்காக ஒரு பக்கமும் சாயாது. எறி சரியாக வந்தால் விழும், இல்லாவிட்டால் நின்றபடியே நிற்கும். ஆள் அப்படி இல்லை. ஆள் நீட்டி எடுப்பாள். இத்தனை வருஷம் அந்தப் பொட்டலில் நின்று அடி வாங்கியும் இது எனக்குத் தோன்றவில்லை.

என் மனைவி இறங்கி வந்து போனைக் கொடுத்தாள். பாப்பா இன்னும் லைனில் இருந்தாள். யாரோ அவளைச் சாப்பிடக் கூப்பிடும் சத்தம் பின்னால் கேட்டது.

"சரிப்பா, வெச்சிடட்டுமா? நாளைக்கும் அங்கதான் நிக்கச் சொல்லியிருக்காங்க."